36 மணி நேரத்தில் ஓர் ஆல்பம்: லெட் செப்பலினின் முதல் இசைத்தட்டு உருவான கதை

அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையை அடித்தளமாகக் கொண்டு, வேண்டுமென்றே கரகரப்பாக்கப்பட்ட மின் கிதார், இடிபோல் முழங்கும் டிரம்ஸ், உச்சத்தாயியில் பாயும் குரல் ஆகியவற்றால் 1960களின் பிற்பகுதியில் உருப்பெற்ற இசைவகையே ஹார்ட் ராக் எனப்படுகிறது. இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்றான லெட் செப்பலின், தன் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் ஆல்பத்தை 1968ஆம் ஆண்டு லண்டனில் பதிவு செய்தது. கிதார் கலைஞரும் தயாரிப்பாளருமான ஜிம்மி பேஜ் பின்னாளில் சொன்ன கணக்கின்படி, அதற்குச் சுமார் 36 மணி நேரமும் 1,782 பவுண்டும் மட்டுமே செலவாயின. எந்த இசை நிறுவனத்தோடும் ஒப்பந்தம் ஆவதற்கு முன்பே, பேஜும் மேலாளர் பீட்டர் கிராண்டும் கைப்பணம் போட்டு ஆல்பத்தை முடித்துவிட்டதால், அதன் இசையைப் பற்றியும் வெளியீட்டைப் பற்றியும் முடிவெடுக்கும் உரிமை குழுவின் கையிலேயே தங்கியது.

ஒத்திகையே முதலீடு

பேஜ் வாசித்துவந்த யார்ட்பேர்ட்ஸ் குழு 1968 ஜூலையில் கலைந்தது. ஆனால் ஸ்காண்டிநேவிய நாடுகளில் அக்குழு ஒப்புக்கொண்டிருந்த கச்சேரிகள் நிலுவையில் இருந்ததால், அவர் புதிய கலைஞர்களைத் திரட்ட வேண்டியதாயிற்று. பாடகர் டெரி ரீட் தமக்குப் பதிலாக ராபர்ட் பிளான்டைப் பரிந்துரைக்க, பிளான்ட் டிரம்ஸ் கலைஞர் ஜான் பான்ஹமை அழைத்துவந்தார். பேஸ் கிதாருக்கு ஜான் பால் ஜோன்ஸ் சேர்ந்தார். நால்வரும் அந்த ஆகஸ்டில் லண்டன் ஜெரார்ட் தெருவின் அடித்தள அறை ஒன்றில் முதன்முறையாகச் சேர்ந்து வாசித்தனர். செப்டம்பரில் டென்மார்க்கிலும் ஸ்வீடனிலும் பழைய பெயரிலேயே மேடையேறியபோது, ஆல்பத்தில் இடம்பெறவிருந்த பாடல்கள் பார்வையாளர் முன்னிலையில் மெருகேறின.

பேஜும் ஜோன்ஸும் அதற்கு முன் பல ஆண்டுகள் லண்டன் ஸ்டுடியோக்களில் பிறருடைய பாடல்களுக்குக் கூலிக்கு வாசித்த கலைஞர்கள். ஸ்டுடியோ வாடகை மணிக்கணக்கில் ஏறும் என்பதும், அங்கே உட்கார்ந்து பாட்டுக் கட்டினால் பணம் கரையும் என்பதும் அவர்களுக்கு அனுபவப் பாடம். மேடையில் பழகிய பாடல்களோடு அவர்கள் ஸ்டுடியோவுக்குள் நுழைந்ததே பதிவின் வேகத்துக்குக் காரணம்.

அறையும் ஒரு வாத்தியம்

தென்மேற்கு லண்டனின் பார்ன்ஸ் பகுதியில், ஒரு காலத்தில் நாடக அரங்காகவும் திரையரங்காகவும் இருந்த கட்டடத்தில் இயங்கிய ஒலிம்பிக் ஸ்டுடியோவில் பதிவு நடந்தது. ஒலிப்பதிவாளர் கிளின் ஜான்ஸ். நால்வரும் ஒரே நேரத்தில் சேர்ந்து வாசிப்பதைப் பதிந்துகொண்டு, அதன் மேல் தேவையான இடங்களில் மட்டும் கூடுதல் கிதாரையோ குரலையோ தனியே பதிந்து சேர்த்தனர். இப்படிச் சேர்ப்பதற்கு ஓவர்டப் என்று பெயர். அதே காலத்துச் சென்னை ஸ்டுடியோக்களிலும் பாடகரும் வாத்தியக் குழுவும் சேர்ந்தே திரைப்பாடல்களைப் பதிவு செய்தனர் என்பதால், இம்முறை தமிழ் இசையுலகுக்குப் புதிதன்று.

மைக் வைத்த இடங்களில்தான் இந்தப் பதிவு வேறுபட்டது. வாத்தியத்தை ஒட்டி மைக் வைத்தால் வாத்தியத்தின் ஒலி மட்டுமே பதிவாகும். தள்ளி வைத்தால் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலியும் சேர்ந்து, கேட்பவருக்கு அறையின் விரிவு புலப்படும். ஒலிபெருக்கியின் முன்னால் ஒரு மைக்கும் சற்றுத் தொலைவில் இன்னொன்றும் வைத்து இரண்டையும் கலப்பதைப் பேஜ் வழக்கமாகக் கொண்டார். கிளின் ஜான்ஸோ டிரம்ஸுக்கு மேலே ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாக வைத்த மைக்குகளின் ஒலியை இடப்புறமும் வலப்புறமுமாகப் பிரித்து, பான்ஹமின் அடியை முழு அகலத்தில் கேட்கச் செய்தார். அவர் பெயராலேயே வழங்கும் இந்த முறையை ஒலிப்பதிவாளர்கள் இன்றும் பின்பற்றுகின்றனர். ‘டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட்’ பாடலில் பேஜ் வயலின் வில்லால் கிதாரை மீட்டினார். ‘பிளாக் மவுன்டன் சைட்’ என்ற வாத்திய இசைக்கு விரம் ஜசானி தபலா வாசித்தார்.

முடிந்த டேப்பின் விலை

பதிவு முடிந்த டேப்புடன் பீட்டர் கிராண்ட் நியூயார்க் சென்றார். ஜோன்ஸை முன்பே அறிந்திருந்த பாடகி டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டின் பரிந்துரையும் துணைநிற்க, அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் 1968 நவம்பரில் 1,43,000 டாலர் முன்பணத்துக்கு ஒப்பந்தம் செய்தது. ஒரு பவுண்டுக்கு 2.40 டாலர் என்ற அன்றைய மாற்று விகிதத்தில் அது 59,000 பவுண்டுக்கு மேல். அதாவது முதல் ஆல்பத்தின் செலவைப்போல் 33 மடங்கு. எதைப் பதிவு செய்வது, எப்போது வெளியிடுவது, உறையை எப்படி வடிவமைப்பது என்பவற்றைத் தீர்மானிக்கும் அதிகாரமும் குழுவுக்கே கிடைத்தது. பிரிட்டனில் சிங்கிள், அதாவது பக்கத்துக்கு ஒரு பாடல் வீதம் வரும் சிறிய இசைத்தட்டு, வெளியிடுவதில்லை என்று குழு உறுதியாக நின்றதும் இந்த அதிகாரத்தின் பலத்தில்தான்.

உறையில், 1937 மே 6 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஹிண்டன்பர்க் வான்கப்பல் தீப்பற்றி எரிந்த காட்சி இடம்பெற்றது. சாம் ஷியர் எடுத்த நிழற்படத்தைப் பார்த்து, அப்போது கலைக் கல்லூரி மாணவராக இருந்த ஜார்ஜ் ஹார்டி புள்ளி புள்ளியாக வரைந்த அந்தச் சித்திரத்துக்குக் கிடைத்த கூலி 60 பவுண்டு. பிரிட்டனில் அச்சான முதல் உறைகளில் குழுவின் பெயர் நீலப்பச்சை நிறத்தில் இருந்தது. பின்னர் அது ஆரஞ்சுக்கு மாறியதால், முதல் அச்சுப் பிரதிகளைச் சேகரிப்பாளர்கள் அதிக விலை கொடுத்து வாங்குகின்றனர்.

அமெரிக்காவில் 1969 ஜனவரி 12 அன்றும் பிரிட்டனில் மார்ச் மாதத்திலும் ஆல்பம் வெளிவந்தது. சில வாரங்களுக்கு முன்பே குழு அமெரிக்கச் சுற்றுப்பயணத்தைத் தொடங்கியிருந்தது. நீண்ட பாடல்களை ஒலிபரப்பத் தயங்காத எஃப்.எம். வானொலிகளும் கைகொடுத்தன. ரோலிங் ஸ்டோன் இதழின் விமர்சனம் கடுமையாக இருந்தபோதிலும், விற்பனைப் பட்டியலில் அமெரிக்காவில் 10ஆம் இடத்தையும் பிரிட்டனில் 6ஆம் இடத்தையும் ஆல்பம் எட்டியது.

யாருடைய பாடல்?

இசைத்தட்டில் பாடலாசிரியராக யார் பெயர் அச்சாகிறதோ அவருக்கே உரிமைத்தொகை சேரும். வேறொரு நிறுவனத்தோடு முன்பே செய்திருந்த ஒப்பந்தத்தின் காரணமாகப் பிளான்டின் பெயர் எந்தப் பாடலிலும் இடம்பெறவில்லை. வில்லி டிக்சனின் இரு புளூஸ் பாடல்களுக்கு அவர் பெயர் முறையாகக் குறிக்கப்பட்டது. ஆனால் ‘பேப் ஐம் கோனா லீவ் யூ’ பாடலை எழுதிய ஆன் பிரெடனின் பெயர் 1990இல்தான் சேர்ந்தது. பேஜின் பெயரில் மட்டுமே வந்த ‘டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட்’ பாடலுக்கு, 1967இலேயே அதே தலைப்பில் ஒரு பாடலை வெளியிட்டிருந்த ஜேக் ஹோம்ஸ் 2010இல் வழக்குத் தொடுத்தார். 2012இல் அது சமரசத்தில் முடிந்தது. மைக் வைக்கும் இடம் முதல் உறையின் நிறம் வரை தாமே தீர்மானித்தவர்கள் என்பதால், பாடலாசிரியர் பெயர் விடுபட்டதற்கான பொறுப்பையும் எந்த நிறுவனத்தின் மீதும் சுமத்த முடியாத நிலை அவர்களுக்கு ஏற்பட்டது.