மூடி ஒரு கலர்... முத்திரை ஒரு கலர்! 'ஸ்டாம்பு பேடு'களுக்கு ஜாதகம் எழுதும் பெரம்பூர் பெண்மணி

மூடியில் அரக்கு. தாளில் காப்பித்தூள்!

பெரம்பூரில் ஒரு வீட்டில் இரவு முழுவதும் கண் விழித்துக் குத்திய 250 சீட்டுகள் விடிந்ததும் குப்பைக்குப் போயின. காரணம், உள்ளங்கை அகலமே உள்ள ஒரு 'ஸ்டாம்பு பேடு'.

விவரம் வருமாறு:

அந்த வீட்டுப் பெண்மணி ரப்பர் ஸ்டாம்புகளையும் கலர் கலரான மை பேடுகளையும் வைத்துக்கொண்டு வாழ்த்து அட்டை, தாம்பூலப் பையில் கட்டும் சீட்டு, கடைகளுக்கான காகிதப் பை என்று செய்து விற்கிறார். கணவருக்குப் பாரிமுனையில் குமாஸ்தா வேலை. மாதக் கடைசியில் விழும் துண்டை இந்தக் கைத்தொழில்தான் சரிக்கட்டுகிறது.

வளைகாப்பு ஒன்றுக்கு ஆர்டர் வந்தது. பெண்ணின் புடவை அரக்கு. சீட்டில் உள்ள வளையல் படமும் அதே அரக்கில் வேண்டும் என்று பெண்ணின் தாயார் சொல்லியிருந்தார். மூடியில் அரக்கு நிறம் இருந்த பேடை எடுத்துப் பழுப்புத் தாளில் குத்தினார். ஈரத்தில் அரக்காகத்தான் தெரிந்தது. காயக் காய மங்கி, காலையில் வேறு கலராகிக் கிடந்தது.

"இது அரக்கு இல்லீங்க, காப்பித்தூள் கலரு! விசேஷத்துல நாலு பேர் பாக்கறதுங்க" என்று அந்த அம்மாள் வாங்க மறுத்துவிட்டார்.

வளைகாப்பு மறுநாள். வேறு பேடு வாங்கி, இரண்டாவது இரவும் கண் விழித்து, 250 சீட்டையும் புதிதாகக் குத்திக் கொடுத்தார். வந்த பணம் தாளுக்கும் மைக்குமே சரியாகப் போயிற்று. கூலி பூஜ்யம்.

அன்று முதல் அவர் எந்த மூடியையும் நம்புவதில்லை.

நாத்தனார் சொன்ன யோசனை

வழி காட்டியவர் நாத்தனார். புரசைவாக்கத்தில் ஜாக்கெட் துணிக் கடையில் வேலை பார்ப்பவர்.

"அண்ணி, எங்க கடையில புடவையைப் பக்கத்துல வெச்சுப் பாக்காம ஒரு துணி கிழிக்க மாட்டோம். அதுவும் டியூப்லைட்டுல பாக்க மாட்டோம், வாசலுக்கு எடுத்துட்டுப் போவோம். நீங்க டப்பா மூடியைப் பாத்து வேலை செஞ்சா எப்படி?" என்றார்.

நியாயமான கேள்வி. மூடியில் இருப்பது அச்சாபீஸ் அடித்த கலர். பேடில் இருப்பது மை. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பேடின் மேற்பரப்பைப் பார்த்தும் சொல்ல முடியாது. நிறைய மை ஊறியிருப்பதால் நீலம், பச்சை, ஊதா எல்லாமே அங்கே ஏறக்குறையக் கறுப்பாகத்தான் தெரியும்.

பெயரைப் பார்த்தாவது தெரிந்துகொள்ளலாமா என்றால் அதிலும் வில்லங்கம். அமெரிக்காவின் ரேஞ்சர் கம்பெனி பேடு ஒன்றின் பெயர் 'மஸ்டர்ட் சீட்'. அதாவது கடுகு. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் கடுகை நினைத்துக்கொண்டு வாங்கினால் ஏமாற வேண்டியதுதான். அது பளிச்சென்ற மஞ்சள்! அந்த ஊர்க் கடுகு அப்படி.

தையல்காரர் கடையில் நூலுக்கு 'ஷேட் கார்டு' இருக்கும். ஒவ்வொரு நூலிலும் ஒரு துண்டு ஒட்டி, பக்கத்தில் நம்பர் போட்டிருப்பார்கள். மை பேடுகளுக்கும் அதேபோல ஒன்றைத் தானே தயாரித்துக்கொள்வது என்று பெரம்பூர் பெண்மணி முடிவு செய்தார்.

ஒரே ஸ்டாம்பு, மூன்று குத்து

முதலில் விசிட்டிங் கார்டு அளவுக்கு அட்டைகளை வெட்டினார். பேடுக்கு மூன்று அட்டை. வெள்ளை ஒன்று, சந்தன நிறம் ஒன்று, பழுப்பு ஒன்று. தினமும் எந்தத் தாளில் வேலை செய்கிறாரோ அதே தாள். இது முக்கியம். வெள்ளையில் கிளிப்பச்சையாக விழும் மை பழுப்பில் பாசி போலத் தெரியும். மஞ்சளோ பழுப்பில் இருந்த இடமே தெரியாது.

எல்லா மைக்கும் ஒரே ஸ்டாம்புதான். ஒரு பக்கம் முழு இலை, மறுபக்கம் மெல்லிய கோடுகள். முழு இலையில் கலர் தெரியும். கோட்டில் மை கசிகிறதா என்பது தெரியும்.

பேடில் ஒரு தடவை ஒற்றி, மறுபடி மை தொடாமல் மூன்று குத்து. முதல் குத்து அழுத்தம், இரண்டாவது நடுத்தரம், மூன்றாவது வெளிர். ஒரு பேடுக்குள் மூன்று 'ஷேட்' ஒளிந்திருப்பது அப்போதுதான் தெரிய வந்தது. வெளிர் ரோஸுக்கென்று தனி பேடு வாங்கும் செலவு அதோடு மிச்சம்.

குத்திய அட்டையை அன்றைக்கே பார்ப்பதில்லை. ஒரு ராத்திரி காயவிட்டு, காலையில் வாசல் வெளிச்சத்தில் பார்க்கிறார். பிறகு விரலால் ஒரு தேய்ப்பு. ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர். முகூர்த்த நாளில் பந்தியில் சிந்தும் தண்ணீருக்கு மை ஓடுமா, நிற்குமா என்பதற்கு இதுதான் பரீட்சை.

இன்னொரு பரீட்சையும் உண்டு. அட்டையின் பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி இரண்டு வாரம் ஜன்னல் வெயிலில் வைக்கிறார். எடுத்துப் பார்த்தால் மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் சில மைகளில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்!

அட்டையின் முதுகில் மையின் பெயர், கம்பெனி, எந்த வகை மை, வாங்கிய தேதி. ஓடினால் 'ஓடும்'. வெளிறினால் 'வெளிறும்'. அவ்வளவுதான் ஜாதகம்.

சாயமா, நிறமியா?

ஏன் இந்த வித்தியாசம்? மையில் இரண்டு பெரிய ஜாதிகள் இருக்கின்றன.

ஒன்று சாய மை. காப்பியில் சர்க்கரை கரைவது போல சாயம் திரவத்தில் முழுக்கக் கரைந்திருக்கும். தாளுக்குள் இறங்கிவிடும். சட்டென்று காயும். தாளின் கலரும் சேர்ந்து தெரிவதால் பழுப்புத் தாளில் மங்கும். அரக்கைக் காப்பித்தூளாக்கியது இந்த ஜாதி மைதான். வெயிலிலும் பெரும்பாலும் தாங்காது.

மற்றது நிறமி மை. இதில் நிறப்பொடி கரையாமல் மிதக்கும். தாளுக்கு மேலேயே உட்காரும். பழுப்புத் தாளில் வெள்ளை மைகூட எடுப்பாகத் தெரியும். ஆனால் காய்வதற்குள் பொறுமை போய்விடும். வழவழப்பான அட்டையில் சூடு காட்டாவிட்டால் மறுநாளும் கையில் ஒட்டும். அவசரப்பட்டு அடுக்கினால் கீழ்ச் சீட்டின் மை மேல் சீட்டின் முதுகில்! இந்த ஈரத்திலேயே ஒரு லாபமும் இருக்கிறது. அதன்மேல் அதற்கென்று விற்கும் பொடியைத் தூவிச் சூடு காட்டினால் பொடி உருகி, எழுத்து மேடாக எழும்பி நிற்கும். கல்யாணப் பத்திரிகையில் தடவிப் பார்ப்போமே, அந்த மாதிரி.

கண்ணாடி, தகரம், பிளாஸ்டிக்கில் குத்துவதற்கு வேறு மை இருக்கிறது. சட்டென்று ஆவியாகும் திரவத்தில் செய்தது. மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் போன் பேசப் போனால் பேடு கோவிந்தா!

ஆபீஸ் ஊதா

குமாஸ்தாக்களுக்குப் பழக்கமான ஊதா பேடு எந்த ஜாதி? சாய ஜாதிதான்.

1856-ல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயதுப் பையன் மலேரியாவுக்குக் கொயினா மருந்து செய்யப் போய், தற்செயலாக ஊதாச் சாயம் கண்டுபிடித்தான். அந்த வழியில் அடுத்தடுத்து வந்த சாயங்களில் ஒன்று மெத்தில் வயலட். ஊதா ஸ்டாம்பு மைக்குப் பெயர் போனது. வாய்ப்புண்ணுக்கு ஆஸ்பத்திரியில் தடவுவார்களே 'ஜென்ஷியன் வயலட்', அதுவும் இந்தச் சாயத்தின் சொந்தக்காரன்தான்.

சாயத்தோடு கிளிசரின் சேர்ப்பது வழக்கம். கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மூடி திறந்து கிடந்தாலும் ஆபீஸ் பேடு உடனே காயாமல் இருப்பதன் ரகசியம் அதுவே. ஜப்பானில் நகோயா நகரத்து ஷாச்சிஹாட்டா கம்பெனி 1925-ல் கடை விரித்ததே, சீக்கிரம் காயாத பேடு ஒன்றை வைத்துத்தான்.

ஊதாவுக்கு ஒரு குறை. வெயில் ஆகாது. ஜன்னலுக்கு எதிரே மாட்டிய சான்றிதழில் கையெழுத்து நிற்க, முத்திரை மட்டும் வெளிறிப் போவதைப் பல ஆபீசுகளில் பார்க்கலாம்.

பேடு காய்ந்தால் குழாய்த் தண்ணீர் விடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அன்றைய வேலை நடக்கும். மறுநாள் முத்திரை கசிந்து, எது தேதி எது மாதம் என்று தெரியாது. அந்த பேடுக்குரிய மையைத்தான் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ரப்பரை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைப்பதும் கூடாது. ரப்பர் உப்பிவிடும்.

மாமனாரின் 'டேக்'

பெரம்பூர் பெண்மணி அட்டைகளை முதலில் ஒரு நோட்டில் ஒட்டினார். அது சரிப்படவில்லை. புதிதாக ஒரு பச்சை வாங்கினால் பழைய பச்சைகளுக்கு நடுவே அதைச் செருக இடம் ஏது?

ரிட்டயர்டு குமாஸ்தாவான மாமனார் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்துபோய் பஞ்சிங் மெஷினையும் ஃபைல் 'டேக்'கையும் கொண்டு வந்தார். மூலையில் ஒரு துளை. 'டேக்'கில் ஒரு கோர்ப்பு. வேண்டிய இடத்தில் பிரித்துச் செருகலாம். முப்பது வருஷ ஆபீஸ் அனுபவம் வீண் போகவில்லை!

வரிசை புடவைக்கடை வரிசை. ரோஸ், கனகாம்பரம், செங்கல், அரக்கு ஒரு கட்டு. கிளிப்பச்சை, இலைப்பச்சை, ராமர் பச்சை, பாட்டில் பச்சை ஒரு கட்டு. ஆகாய நீலம், மயில் கழுத்து, எம்.எஸ். புளூ இன்னொன்று. கம்பெனி வைத்த இங்கிலீஷ் பெயர் முதுகில் இருக்கட்டும். வாடிக்கைக்காரர் வாயில் வரும் பெயர்தான் முகப்பில்.

கட்டிப் பார்த்தபோது ஒரு உண்மை அம்பலமாயிற்று. வெவ்வேறு பெயரில், வெவ்வேறு கம்பெனியில் வாங்கிய மூன்று நீலங்கள் தாளில் அச்சு அசல் ஒன்று! இப்போது ஆண்டர்சன் தெருவுக்குத் தாள் வாங்கப் போனாலும், பேடு வாங்கப் போனாலும் கைப்பையில் கட்டு இருக்கும். இருக்கிற கலரை மறுபடி வாங்குவதில்லை.

பேடுகளையும் அதே வரிசையில் அடுக்கியிருக்கிறார். பக்கவாட்டில் ஒரு துண்டு சீட்டு. அதில் குத்திக் காய்ந்த நிஜக் கலர். கம்பளித் துணி வைத்த சாய மை பேடுகள் தலைகீழாக இருக்கும். அப்போதுதான் மை மேற்பரப்புக்கு இறங்கும். நுரை வைத்த நிறமி மை பேடுகள் நேராக. எதையும் புத்தகம் மாதிரி செங்குத்தாக நிறுத்துவதில்லை, மை ஒரு பக்கம் வடிந்துவிடும். வெயில் அடிக்கும் ஜன்னல், கொதிக்கும் பரண் இரண்டும் ஆகாது. சித்திரை வெயிலில் பரணில் வைத்தால் பேடு அப்பளம்தான்.

சிவப்பு தொட்ட ஸ்டாம்பைத் துடைக்காமல் மஞ்சளில் வைத்தால் மஞ்சள் பேடு பாழ். குழந்தைகள் கை வைக்காத உயரத்தில் மஞ்சள் இருப்பதற்கு இதுவே காரணம்!

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை வந்தது. காகிதப் பை, துணிப் பைக்கு மாறிய சின்னக் கடைகள் பல, அச்சடிக்க ஆயிரக்கணக்கில் ஆர்டர் கொடுக்க முடியாமல் ரப்பர் ஸ்டாம்பிலேயே கடைப் பெயரைக் குத்திக்கொள்கின்றன. செலவு குறைவுதான். மை விஷயத்தில் உஷார் தேவை.

துணிப் பையில் சாதா ஸ்டாம்பு மை ஒரு துவைப்பில் ஓடிவிடும். பக்கத்துச் சட்டையையும் கெடுக்கும். துணிக்கென்றே மை இருக்கிறது. குத்திக் காய்ந்தபின் இஸ்திரி போட்டால் பிடித்துக்கொள்ளும். வடை, பஜ்ஜி போடும் பையானால் முத்திரை வெளிப்பக்கம் மட்டும். எண்ணெய்ப் பலகாரத்தோடு ஸ்டாம்பு மை சேரக்கூடாது.

வியாசர்பாடி மளிகைக்காரர் ஒருவர் பழுப்புப் பையில் கடைப் பெயர் குத்த வந்தார். "மஞ்சள்ல போடுங்கம்மா, மங்களகரமா இருக்கும்" என்றார்.

பெண்மணி பேசவில்லை. கட்டைப் பிரித்து மஞ்சளின் பழுப்பு அட்டையை நீட்டினார். மளிகைக்காரர் வாசலுக்குப் போய் வெயிலில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். முத்திரை எங்கே இருக்கிறது என்று தேடினார்.

"பச்சையே போட்டுருங்க" என்று திருப்பிக் கொடுத்தார்.

எந்தப் பச்சை என்று கேட்டு, ராமர் பச்சை அட்டையின் முதுகில் அவரிடம் ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டார் பெண்மணி. வளைகாப்பு ஆர்டருக்குப் பிறகு, கையெழுத்து வாங்காமல் அவர் பேடு மூடியைத் திறப்பதில்லை.