சாவுக் கணக்கில் வராத நரம்பு

2023 மே 13-ஆம் தேதி, விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் சாராயம் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வாந்தியும் மயக்கமுமாகச் சாய்ந்தார்கள். புதுச்சேரி, முண்டியம்பாக்கம் மருத்துவமனைகளுக்கு ஆம்புலன்ஸ்கள் பறந்தன. அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகம் பக்கமும் சாவு விழுந்தது. இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அவர்கள் குடித்தது தொழிற்சாலைகளுக்கான மெத்தனால் என்று காவல்துறை சொன்னது. வழக்கு சிபிசிஐடி கைக்குப் போனது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய், சிகிச்சையில் இருப்பவருக்கு 50 ஆயிரம் ரூபாய் என்று அரசு அறிவித்தது. அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அப்போதும் இதே இரண்டு தொகைகள்தான். செத்தவர், சிகிச்சையில் இருப்பவர் என்ற இந்த இரண்டு வகைக்கும் நடுவே ஒரு கூட்டம் விடுபட்டுப் போகிறது. உயிர் பிழைத்தும் பார்வையைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். விஷச்சாராயத்தில் கண் போவதை உயிர் தப்பியதற்குக் கொடுத்த விலையாக நாம் பேசிப் பழகிவிட்டோம். உடற்கூறு சொல்வது வேறு. அங்கே சேதமாவது மூளை. அதற்குரிய அவசரத்தோடு அதைக் காப்பாற்ற முயலவும் வேண்டும், அதற்குரிய கனத்தோடு கணக்கில் எடுக்கவும் வேண்டும்.

முதுகுத்தண்டின் வழியே இறங்காமல் மண்டையோட்டின் துளைகள் வழியே நேரே வெளியே வரும் நரம்புகளைக் கபால நரம்புகள் என்கிறோம். மொத்தம் 12 இணைகள். பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் அவற்றை ஏழாக எண்ணினார். 1664-இல் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் ஒன்பதாக்கினார். இன்று மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்யும் பன்னிரண்டு என்ற வரிசையை 1778-இல் நிலைநிறுத்தியவர் ஜெர்மானிய உடற்கூறு அறிஞர் சோமரிங். மரக்காணம் உப்பளத்தில் ஒரு பகல் வேலை செய்பவரின் முகத்தில் இவற்றில் பாதி ஓயாமல் வேலை செய்தபடி இருக்கும். பாத்தியிலிருந்து தெறிக்கும் உப்புநீர் கண்ணில் பட்டதும் எரிச்சலை உணர்வது ஐந்தாவதான முக்கிளை நரம்பு. அந்த நொடியிலேயே இமையை இறுக மூட வைப்பது ஏழாவதான முக நரம்பு. உதட்டில் ஒட்டிய உப்பின் கரிப்பை நாவின் முன்பகுதியிலிருந்து கொண்டுபோவதும் இதே ஏழாவதுதான். நாவின் பின்பகுதிக்கு ஒன்பதாவது. வெள்ளைப் பரப்பில் பட்டுத் திரும்பும் வெயிலை மூளைக்கு அறிவிப்பது இரண்டாவது, அதைக் கேட்டுக் கண்மணியைச் சுருக்குவது மூன்றாவது. மற்றவற்றை இங்கே விட்டுவிடலாம். இந்தக் கட்டுரையின் வழக்கு இரண்டாவதான பார்வை நரம்பைப் பற்றியது.

ஒரே பட்டியலில் வரிசை எண்ணோடு நிற்பதால் பன்னிரண்டும் ஒரே மாதிரியானவை என்று தோன்றும். ஏழாவதையும் இரண்டாவதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். முகவாதத்தில் ஒருவருக்கு வாய் கோணி, கண் மூட முடியாமல் போகிறது. பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ முகம் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. காரணம், ஏழாவது நரம்பின் இழைகளைப் போர்த்தியிருப்பவை ஷ்வான் செல்கள். இழை அறுந்தாலும் அது மீண்டும் வளர அவை வழிகாட்டுகின்றன. நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் நரம்பு தளிர்த்துக்கொண்டு போகும். பார்வை நரம்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கருவில் மூளையின் முன்பகுதியிலிருந்து ஒரு மொட்டுப்போலப் புடைத்து வெளியே வந்ததுதான் விழித்திரை; அதை மூளையோடு இணைத்த காம்புதான் பார்வை நரம்பு. மூளையைச் சுற்றிய அதே மூன்று உறைகள் இதையும் சுற்றியிருக்கின்றன. மூளைக்குள் இருக்கும் அதே வகைச் செல்கள்தான் இதன் இழைகளையும் போர்த்துகின்றன. நீளம் ஐந்து சென்டிமீட்டர்கூட வராது. அதற்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள். ஒவ்வோர் இழையும் விழித்திரையில் உள்ள ஒரு செல்லின் வால். செத்த இழை திரும்ப வளராது. கண் மாற்று அறுவை என்று நாம் சொல்வது கண்ணின் முன்னிருக்கும் கருவிழியை மாற்றுவதுதான். பார்வை நரம்பை மாற்றிவைக்க எந்த மருத்துவமனையாலும் முடியாது.

மெத்தனால் ஏன் குறிபார்த்து இங்கே அடிக்கிறது? மெத்தனால் உடலுக்குள் போனவுடன் பெரிய சேதம் எதுவும் செய்வதில்லை. சாதாரண மது தரும் போதையைத்தான் தருகிறது, அதுவும் குறைவாக. கல்லீரல் அதைச் செரிக்கத் தொடங்கும்போதுதான் வினை பிறக்கிறது. முதலில் ஃபார்மால்டிஹைடு, அதிலிருந்து ஃபார்மிக் அமிலம். இந்த அமிலத்தை வெளியேற்றும் வேகம் மனித உடலுக்கு மிகக் குறைவு. அது செல்களுக்குள் புகுந்து, ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் கடைசிக் கண்ணியை முடக்குகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும், செல்லால் அதைப் பயன்படுத்த முடியாது. ஆற்றல் அதிகம் கேட்கும் இடம்தான் முதலில் தவிக்கும். கண்ணுக்குள் பார்வை இழைகள் உறையின்றி ஓடுகின்றன. பின்பக்கம் உள்ள சல்லடை போன்ற தட்டைத் தாண்டிய பிறகே உறை பெறுகின்றன. உறையில்லாத இழையில் சமிக்ஞையை நகர்த்த ஆற்றல் கூடுதலாகச் செலவாகும். அதனால் அந்தத் தட்டையொட்டிய பகுதி வீங்கிப் பழுதாகிறது. மூளையின் ஆழத்தில் உள்ள பியூட்டமென் என்ற பகுதியும் இதேபோல அழுகலாம்; பிழைத்தவர்களில் சிலருக்கு நடுக்கமும் உடல் இறுக்கமும் வருவது அதனால்தான். சுமார் 10 மில்லி தூய மெத்தனால் பார்வையைப் பறிக்கப் போதும், 30 மில்லி உயிரையே எடுக்கலாம் என்று மருத்துவ நூல்கள் எழுதுகின்றன. டீக்கடை கிளாஸில் கால்வாசி இருந்தால் அதிகம்.

இந்த வேதியியலுக்குள் ஒரு கால அவகாசம் ஒளிந்திருக்கிறது. மெத்தனால் அமிலமாக மாறப் பல மணி நேரம் ஆகும். குடித்து 12 முதல் 24 மணி நேரம் கழித்தே பல பேருக்கு அறிகுறி தெரியும். கூடவே நல்ல மதுவும் கலந்திருந்தால் இன்னும் தாமதமாகும். ராத்திரி குடித்துவிட்டுத் தூங்கியவர் மறுநாள் எழுந்து கண் மங்குகிறது என்கிறார். வயிற்றுவலி, வாந்தி, வேகமாக மூச்சு வாங்குதல் எல்லாம் கூடவே வரலாம். பனிப்பரப்பின் நடுவே நிற்பதுபோல எல்லாம் வெளுத்துத் தெரிவதாக மருத்துவ நூல்கள் இந்த மங்கலை விவரிக்கின்றன. மரக்காணத்தில் பனி ஏது? நண்பகலில் உப்புக் குவியலுக்கு எதிரே கண்ணைத் திறந்து நிற்பதுபோல என்றால் இந்த ஊரில் எல்லாருக்கும் புரியும். இந்தக் கடற்கரையில் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. உப்பளத்திலும் கடலிலும் உழைப்பவருக்குக் கண் கூசுவதும் மங்குவதும் அன்றாடம். வெயில் ஏறினால் எல்லாருக்கும் இப்படித்தான் என்று அதைத் தள்ளிவிடுவது இயல்பு. ஆனால் இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு டார்ச் லைட் உதவும். உப்பின் பளபளப்பில் கூசும் கண்ணில் கண்மணி ஊசிமுனைபோலச் சுருங்கியிருக்கும். இரண்டாவது நரம்பு சேதி சொல்கிறது, மூன்றாவது செயல்படுத்துகிறது. மெத்தனால் தாக்கிய கண்ணில் வெளிச்சம் அடித்தாலும் கண்மணி சோம்பலாகவே சுருங்கும். முற்றிய நிலையில் அகலத் திறந்தபடி அசையாமல் நிற்கும். சேதி போகும் கம்பியே பழுதாகிவிட்டது என்று அதற்குப் பொருள். பத்து நொடி வேலை இது. கிராமச் செவிலியரால் செய்ய முடியும்.

இதற்கு மருத்துவர்கள் தரப்பிலிருந்தே ஒரு மறுப்பு வரும். குடித்தவன் எவனுக்கும் பார்வை தடுமாறும், கண்மணியும் மந்தமாகும்; இதை வைத்து விஷம் என்று முடிவு கட்டினால் ஒவ்வொரு குடிகாரரையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருக்குமே என்பார்கள். நியாயமான கேள்விதான். டார்ச் சோதனை தீர்ப்பு ஆகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது சந்தேகத்தைக் கூர்மையாக்குகிறது, அவ்வளவுதான். சாதாரண போதையின் தடுமாற்றம் குடித்த வேளையில் வந்து, தூங்கி எழுந்தால் தெளியும். மெத்தனாலின் மங்கல் போதை தெளிந்த பிறகு வருகிறது. கூடவே மூச்சு வாங்குகிறது. அதே இடத்தில் குடித்த இன்னொருவருக்கும் இதே தொல்லை இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பது தவறு. அந்த நேரத்தில் அனாவசியமாகப் பத்துப் பேரை அனுப்பிவைப்பதில் செலவாவது டீசல். ஒருவரை அனுப்பாமல் விட்டால் போவது இரண்டு கண்கள்.

பெரிய மருத்துவமனையில்தானே மருந்து இருக்கிறது, சின்ன இடத்தில் கண்டுபிடித்து என்ன பயன் என்பது அடுத்த கேள்வி. மெத்தனால் அமிலமாக மாறுவதைத் தடுக்கும் ஃபோமெபிசோல் என்ற மருந்து விலை உயர்ந்தது, எல்லா இடத்திலும் கிடைக்காது. ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் வசதிக்கும் வண்டியேறித்தான் போக வேண்டும். ஆனால் சோடியம் பைகார்பனேட் ஊசி மலிவானது. ரத்தத்தின் அமிலத்தன்மை குறைந்தால் ஃபார்மிக் அமிலம் செல்களுக்குள் புகுவதும் குறைகிறது. பார்வை நரம்புக்கு அது நேரடிப் பாதுகாப்பு. ஃபோலினிக் அமிலம் கொடுத்தால் ஃபார்மிக் அமிலத்தை உடல் வெளியேற்றுவது விரைவுபடும். மருத்துவத் தரத்திலான எத்தனாலும் மாற்று மருந்தாகவே பயன்படுகிறது. மெத்தனாலை மாற்றும் அதே நொதியை அது முந்திக்கொண்டு பிடித்துவிடுகிறது. (இதைக் கேள்விப்பட்டு வீட்டிலேயே மதுவை ஊற்றிக்கொடுப்பவர் நேரத்தையும் உயிரையும் சேர்த்தே வீணடிப்பார். அளவு பார்த்து, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே அது மருந்து.) மரக்காணத்திலிருந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல். அந்தப் பயணம் தொடங்குவதற்கு முன்பே சிகிச்சையும் தொடங்கினால், நரம்பில் எத்தனை இழை பிழைக்கும் என்பது மாறக்கூடும்.

கடுமையான மறுப்பு ஒன்று மிச்சமிருக்கிறது. தானே போய்க் குடித்துக் கெட்டவனுக்கு வரிப்பணத்தில் ஏன் இத்தனை சிரத்தை என்று 2023-லும் 2024-லும் பலர் வெளிப்படையாகவே கேட்டார்கள். குடித்தவர் மது என்று நம்பித்தான் குடித்தார், கையில் கொடுக்கப்பட்டது விஷம். மெத்தனாலை விற்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும் என்று தமிழ்நாட்டில் விதிகள் இருக்கின்றன. அந்த விதிகளைக் கடந்து தொழிற்சாலைச் சரக்கு குப்பத்துக்குள் வந்ததென்றால், குடித்தவரின் பழக்கத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது அநியாயம். 2024-இல் மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு ஆயுள் தண்டனை வரை கடுமையாக்கப்பட்டது, நல்லது. தண்டனை விற்றவனுக்குப் போகும், போன பார்வைக்கு அதில் எதுவும் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறைபாடு 40 சதவீதத்தைத் தொட்டிருக்கிறதா என்று பார்க்கிறதே தவிர, அது யார் தவறால் வந்தது என்று கேட்பதில்லை. சட்டம் கேட்காத கேள்வியை நாம் ஏன் கேட்க வேண்டும்?

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் பார்வை எவ்வளவு இருக்கிறதோ அதுதான் முடிவு என்றும் எண்ணிவிடக் கூடாது. செக் குடியரசில் 2012 செப்டம்பரில் இதேபோல மெத்தனால் கலந்த மது பரவிச் சாவுகள் நேர்ந்தன. அங்கே உயிர் பிழைத்தவர்களை மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் வரவழைத்து, விழித்திரையின் நரம்பிழைப் படலம் எவ்வளவு தடிமன் என்று ஸ்கேன் செய்து பார்த்தார்கள். சிலருக்கு அந்தப் படலம் விஷம் உடலை விட்டுப் போன பிறகும் மெலிந்துகொண்டே போனது. பிழைத்தவரின் கண்ணில் சேதம் நின்றுவிட்டதா, தொடர்கிறதா என்பது திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் தெரியும் என்று இது காட்டுகிறது. நம் ஊரில் 2001-இல் பண்ருட்டியில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தது முதல் கருணாபுரம் வரை, சாவு எண்ணிக்கை ஒவ்வொரு மணிக்கும் திருத்தப்பட்டுத் தலைப்புச் செய்தியானது. எண்ணிக்கை நின்ற நாளோடு செய்தியும் நின்றது. ஓராண்டு கழித்து இவர்களில் எத்தனை பேர் வலை பின்ன முடிகிறது, எத்தனை பேர் உப்பு வாரப் போகிறார்கள், எத்தனை பேரைப் பிள்ளைகள் கைபிடித்து நடத்திக்கொண்டு போகிறார்கள் என்பது சாவு எண்ணிக்கைபோல அன்றாடம் பேசப்படவே இல்லை.

விழுப்புரம், செங்கல்பட்டு, கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் மெத்தனாலிலிருந்து பிழைத்த ஒவ்வொருவரையும் அரசு கண் மருத்துவமனைக்கு அழைத்துப் பார்வை நரம்பைச் சோதித்து, தகுதியுள்ளவர்களுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் பார்வை இழந்தவர் என்ற வகையில் தனி இழப்பீடும் வழங்க வேண்டும். கடலோர ஆரம்ப சுகாதார நிலையங்களில் பைகார்பனேட்டும் ஃபோலினிக் அமிலமும் இருப்பில் இருக்க வேண்டும். செவிலியர் கையில் ஒரு டார்ச் இருக்க வேண்டும். வாசகர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. சாராயம் குடித்த ஒருவர் மறுநாள் கண் மங்குகிறது என்றால், தெளியட்டும் என்று படுக்க வைக்காதீர்கள், திட்டுவதையும் அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். உடனே 108-ஐ அழையுங்கள். அவரோடு சேர்ந்து குடித்தவர்கள் யார் யார் என்று கேட்டு, நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் அவர்களையும் அதே வண்டியில் ஏற்றுங்கள்.