தேவை கருதிய திருமணமும் காதற் கதையின் கவர்ச்சியும்: மாத்தளையிலிருந்து ஒரு நோக்கு

விமர்சகர்கள் பெரும்பாலும் பொருட்படுத்தாத கதைவகையொன்றை இங்கு ஆராய்கின்றோம். முன்பின் பழகாத இருவர் கடன், நிலம், குடும்ப மானம் ஆகியவற்றின் பொருட்டு மணம் முடிக்கின்றனர்; காதல் பின்னரே அரும்புகின்றது. இத்தகைய ஆங்கில நாவல்கள் பல, 'ரீஜென்சி'க் காலத்தைக் களமாகக் கொண்டவை. மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் நோயுற்றிருக்க, அவர் மகன் பதிலாளுநராக விளங்கிய 1811–1820 காலமே அது. இவற்றை மயக்கமூட்டும் கனவுகள் என ஒதுக்குதல் எளிது. எனினும், அவை வாசகியரைக் கவர்வது ஏன் என விளக்குதல் வேண்டும்.

இவ்வகைக்கு வடிவம் தந்தவர்களுள் முதன்மையானவர் ஜோர்ஜெற் ஹேயர் (1902–1974). 1961 இல் வெளிவந்த அவரது 'எ சிவில் கொன்ட்ரக்ட்' நாவலில், கடனில் மூழ்கிய பிரபு ஒருவன், தான் விரும்பிய பெண்ணைக் கைவிட்டுச் செல்வ வணிகரின் மகளை மணக்கின்றான். ஒருபுறம் குலப்பெருமை, மறுபுறம் பணம். அவர்களிடையே ஈற்றில் நிலைப்பது ஆரவாரமற்ற நேசமே. திருமணம் பொருளாதார ஒப்பந்தம் என்பதை இந்நாவல் மறைக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

இக்கதையமைப்பின் வேர் அக்காலச் சட்டத்தில் உள்ளது. மணமானதும் பெண்ணின் அசையும் சொத்துக் கணவனுக்குரியதாயிற்று. 1870, 1882 ஆம் ஆண்டுச் சட்டங்களே இந்நிலையை மாற்றின. மறுமணத்துக்கு இடமளிக்கும் மணநீக்கம் பெற, 1857 வரை பாராளுமன்றத்தின் தனிச்சட்டம் தேவைப்பட்டது. எனவே, மணவாழ்விலிருந்து வெளியேற வழியற்ற பெண்ணுக்கு, அந்நியனான கணவன் அன்பனாக மாறுவது ஒன்றே நல்ல முடிவாக இருந்தது. அந்த முடிவையே இந்நாவல்கள் வாக்களிக்கின்றன.

ஹேயரின் நாவல் உச்சமடைவது 1815 ஜூன் மாத வாட்டர்லூப் போரின்போது. அதே ஆண்டு மார்ச் 2 ஆம் திகதிய கண்டி ஒப்பந்தத்தின் மூலம், மாத்தளை உள்ளிட்ட கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. அங்கு நிலவிய மணவழக்கோ வேறுபட்டது. 'தீக' மணத்தில் மனைவி கணவன் வீடு சென்றாள். தந்தையின் நிலத்தில் பங்கை இழந்தாள். 'பின்ன' மணத்தில் கணவனே மனைவி வீடு வந்தான்; நிலம் அவளிடமே இருந்தது. பின்னக் கணவன் கைத்தடியையும் தாளிப்பனை ஓலையையும் பந்தத்தையும் வாயிலில் தயாராக வைத்திருத்தல் வேண்டும் என்பது மக்கள் வழக்கு. எந்நேரமும் அவன் வெளியேற்றப்படலாம் என்பதே அதன் பொருள். இதுவும் நிலம் கருதிய திருமணமே. ஆயினும் இங்கு பெண்ணின் காப்பு கணவனின் மனமாற்றத்தில் அன்று, அவளது நிலவுரிமையில் தங்கியிருந்தது.

1952 ஆம் ஆண்டின் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டம் இவ்விரு மணங்களையும் ஏற்றதோடு, இருவரும் இசைந்து பிரியவும் இடமளித்தது. மாத்தளைத் தமிழருக்கு அது பொருந்தாது. அவர்களுக்குரிய 1907 ஆம் ஆண்டின் பொதுச்சட்டம், கூடாவொழுக்கம், வேண்டுமென்றே கைவிடல், தீராத ஆண்மையின்மை என மூன்று காரணங்களையே மணநீக்கத்துக்கு விதித்தது. ஆகவே, ஒரே மாவட்டத்தில் அயலவராக வாழும் சிங்களப் பெண்ணுக்கும் தமிழ்ப் பெண்ணுக்கும் மணவாழ்விலிருந்து வெளியேறும் வழிகள் வேறாயின.

பெற்றோர் பேசி முடிக்கும் மணமும் சீதனமும் வழக்கிலுள்ள நம் சமூகத்தில், இவ்வகைக் கதை அந்நியமானதன்று. இலங்கைத் தமிழ்ப் பெண்கள் பெரிதும் வாசித்த ரமணிச்சந்திரனின் நாவல்கள் சிலவற்றிலும் மணம் முந்துகின்றது, காதல் பிந்துகின்றது. பிறர் செய்த ஏற்பாட்டினுள்ளும் தான் ஒரு தனிமனுஷியாக அறியப்படவேண்டும் என்ற வாசகியின் வேட்கையை இவை தொடுகின்றன. அவ்வேட்கை நியாயமானது, அதை ஏளனம் செய்யும் முற்போக்கு விமர்சனம் பெண்ணின் அனுபவத்தையே தவறவிடுகின்றது.

ஆயின், இக்கதைகள் கணவனின் உள்ளத்தை மாற்றுகின்றனவேயன்றி ஒப்பந்தத்தின் நிபந்தனைகளை மாற்றுவதில்லை. தோட்டத் தொழிலாளரிடையே ஆண், பெண் நாட்சம்பளம் சமமாக்கப்பட்டது 1984 இல். வேலைநிறுத்தமே அதனைப் பெற்றுத் தந்தது. எவரது மனக்கனிவும் அன்று. சொந்த வருமானமும் நிலமும் பிரியும் உரிமையும் உள்ள பெண்ணே, காதலை அடைக்கலமாகக் கொள்ளாது விருப்பமாகத் தேர்ந்துகொள்ள இயலும். இந்நாவல்களின் கவர்ச்சி, அவ்வுரிமைகள் இன்னும் முழுமையுறாமையை நமக்கு உணர்த்தும் சான்றாகும்.