புல் பிடித்து வைத்திருந்த தண்டவாளம்!

குட்டீஸ், கார்ட்டூனில் வரும் நீல நிற 'தாமஸ்' இன்ஜினை உங்களுக்குத் தெரியும். அதே கதைகளில் ஸ்கார்லோய், ரெனியாஸ் என்று இரண்டு வயதான குட்டி இன்ஜின்கள் வருமே, ஞாபகம் இருக்கிறதா? அந்த இரண்டும் நிஜ இன்ஜின்களைப் பார்த்து எழுதப்பட்டவை. பிரிட்டனில் உள்ள வேல்ஸ் நாட்டின் டாலிலின் ரயில் பாதைதான் அவற்றின் வீடு.

மலையில் வெட்டிய சிலேட்டுக் கல்லைக் கீழே கொண்டுவர 1865ல் போட்ட பாதை இது. தாத்தா, பாட்டி எழுதிப் பழகினார்களே, அதே கல்தான். அங்கே வீட்டுக் கூரைக்கும் அதைத்தான் போடுவார்கள். தண்டவாளங்களுக்கு இடையே அகலம் எவ்வளவு தெரியுமா? வெறும் 69 செ.மீ.! உங்கள் ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள்.

1946ல் சுரங்கம் மூடப்பட்டது. ஏற்றிச் செல்லக் கல் இல்லை, வருமானமும் இல்லை. ஆனாலும் உரிமையாளர் ஹெய்டன் ஜோன்ஸ், 'நான் உயிரோடு இருக்கும்வரை ரயில் ஓடும்' என்று வாக்குக் கொடுத்திருந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். 1950ல் அவர் இறந்ததும், 'இனி பழைய இரும்புக் கடைதான்' என்ற நிலை.

அப்போது டாம் ரோல்ட் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் பர்மிங்ஹாம் நகரில் கூட்டம் போட்டார்கள். 'சம்பளம் வேண்டாம், நாங்களே ஓட்டுகிறோம்' என்று கிளம்பினார்கள். போய்ப் பார்த்தால்... அடேயப்பா! இரண்டு இன்ஜின்களில் ஓடும் நிலையில் இருந்தது ஒன்றுதான். கட்டைகள் இற்றுப்போய், பல இடங்களில் புல்லும் மண்ணும்தான் தண்டவாளத்தை நகராமல் பிடித்து வைத்திருந்தன!

நல்லவேளை, பக்கத்தில் 1948ல் மூடப்பட்ட காரிஸ் ரயில் பாதையும் இதே அகலம். அங்கே சும்மா நின்ற இரண்டு இன்ஜின்களை, ஒன்று 25 பவுண்டு என்று வாங்கி வந்தார்கள். 1951 மே 14ல் ரயில் கிளம்பியது. தன்னார்வலர்களே காப்பாற்றி நடத்திய உலகின் முதல் ரயில் பாதை இதுதான்.

தாமஸ் கதைகளை எழுதிய ஆட்ரி பாதிரியாரும் 1952ல் இங்கே கார்டு வேலை பார்த்தார். ஒருநாள், சிற்றுண்டி விற்கும் அம்மையாரை ஸ்டேஷனிலேயே மறந்துவிட்டு விசில் ஊதிவிட்டார்! அதையும் விடாமல் பின்னால் கதையாக்கிவிட்டார், கெட்டிக்காரர்.

இப்போது சுற்றுலாப் பயணிகள் மலையழகை ரசித்தபடி சுமார் 12 கி.மீ. போகிறார்கள். பெட்டிகளில் ஒரு வேடிக்கை உண்டு. 1866ல் சோதிக்க வந்த அரசு அதிகாரி, 'பாலத்தின் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே இடம் போதாது' என்று சொல்லிவிட்டார். பாலத்தை இடிக்கவில்லை. தண்டவாளத்தை ஓரமாக நகர்த்தி, ஒரு பக்கக் கதவுகளை அடைத்துவிட்டார்கள். இன்றைக்கும் அந்தப் பக்கம் இறங்க முடியாது!