மறுரூபத் திருநாளும் மகிமைப் பிரசங்கமும்

திருச்சபையின் ஆண்டு சனவரித் திங்களில் தொடங்குவதன்று. மேல்நாட்டுச் சபைகளின் முறைப்படி, கிறிஸ்து பிறப்புக்கு முந்திய நான்காம் ஞாயிற்றுக்கிழமையே அதன் முதல் நாள். அவ்வாண்டில், இறைவனுடைய மகிமையைப் பற்றிப் பேசுவதற்கென்றே அமைந்தது போன்ற நாளொன்று உண்டு. அதுவே மறுரூபத் திருநாள். இயேசு சீடர் மூவரை உயர்ந்த மலைக்கு அழைத்துச் செல்ல, அங்கே அவருடைய தோற்றம் ஒளிமயமாயிற்று என்று மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் எழுதியுள்ளனர். ஆடையின் வெண்மையைச் சொல்ல வந்த மாற்கு மட்டும் வண்ணாரத் தொழிலைத் துணைக்கு அழைக்கிறார்! அவர் எளிய மக்களுக்கு எழுதியவர் என்பது அவ்விடத்தில் விளங்குகிறது.

மகிமை என்றவுடன் நாம் ஒளியையே நினைக்கிறோம். ஆனால் எபிரெய மொழியில் அதற்குரிய 'காபோத்' என்னும் சொல் 'கனம்' என்னும் வேரினின்று பிறந்தது. கிரேக்கத்தில் 'தோக்ஸா' என்றனர். அது முதலில் கருத்து, நற்பெயர் என்னும் பொருள்களில் வழங்கியது. வடமொழியினின்று தமிழுக்கு வந்த 'மகிமை'யோ பெருமையைக் குறிப்பது. அட்டமாசித்திகளுள் மகிமாவும் கரிமாவும் தனித்தனியே எண்ணப்படுவதை நேயர்கள் அறிவார்கள். எபிரெயச் சொல்லுக்கு நெருங்கியது, கனத்தைக் குறிக்கும் கரிமாவே எனலாம்.

இத்திருநாள் எல்லாச் சபைகளுக்கும் ஒரே நாளில் வருவதில்லை. கத்தோலிக்கர் ஆகஸ்ட் 6ஆம் நாள் கொண்டாடுகின்றனர். 1456இல் பெல்கிரேடில் துருக்கியரை எதிர்த்துப் பெற்ற வெற்றியின் நினைவாக, மூன்றாம் கலிஸ்து பாப்பரசர் 1457இல் இதனைப் பொது விழாவாக்கினார். கேரளத்துச் சுரியானிச் சபைகளில் இதற்குக் கூடாரப் பெருநாள் என்று பெயர். மலைமேல் மூன்று கூடாரம் போடலாம் என்று பேதுரு சொன்னதைக் குறித்த பெயர் அது. புரொட்டஸ்டாண்டுச் சபைகள் பலவற்றில், தவக்காலத்துக்கு முந்திய கடைசி ஞாயிறே இதற்குரிய நாள். மூன்றாம் நாள் சாம்பற் புதன்!

பிரசங்கியாருக்குச் சோதனை இங்கேதான். மலைமேல் ஒளியை வருணிப்பது எளிது. ஆனால் மோசேயும் எலியாவும் இயேசுவோடு பேசியது எருசலேமில் அவருக்கு நேரவிருந்த முடிவைப் பற்றியே என்கிறார் லூக்கா. மலையினின்று இறங்கியவுடன், வலிப்பால் துடிக்கும் மகனோடு தகப்பன் ஒருவன் எதிர்ப்படுகிறான். 1992இல் வெளிவந்த பொது வாசக அட்டவணை, லூக்காவை வாசிக்கும் ஆண்டில் இப்பகுதியைப் பிறைக்குறிக்குள் இட்டிருக்கிறது. விரும்பினால் வாசிக்கலாம், விட்டும் விடலாம். விடுவது தகாது என்பது நம் கருத்து. இராபேல் என்னும் ஓவியர் தம் கடைசிப் படத்தில், மேலே ஒளியையும் கீழே அச்சிறுவனையும் ஒருங்கே எழுதினார். 1520இல் அவர் மறைந்தார். படம் இன்றும் வத்திக்கானில் உள்ளது.

ஒளி மட்டுமே மகிமையாகாது என்பதற்கு இந்நூற்றாண்டுகளில் வேறொரு காரணமும் சேர்ந்தது. 1945ஆம் ஆண்டு இரோசிமா நகரத்தின் மீது அணுகுண்டு வீழ்ந்ததும் ஆகஸ்ட் 6ஆம் நாளே. கண்ணைப் பறிக்கும் ஒளி அன்றும் தோன்றியது, நகரம் எரிந்தது. அந்நாளில் பிரசங்க மேடை ஏறுபவர் எந்த ஒளியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கியே தீரவேண்டும்.

நான்காம் சுவிசேஷகராகிய யோவான் மறுரூப வரலாற்றை எழுதவேயில்லை. அவர் நூலில், மகிமைப்படும் வேளை வந்தது என்று இயேசு கூறுவது தம் மரணத்தை முன்னிட்டே. பெரிய வெள்ளிக்கிழமையன்று கத்தோலிக்க ஆலயங்களில் வாசிக்கப்படும் பாடுகளின் வரலாறும் அவர் எழுதியதே.