உங்களுக்குத் தெரியுமா? அயர்லாந்துக் கிராமத்து மதுச்சாலை

அயர்லாந்துக் கிராமங்களில் மதுச்சாலை என்பது குடிப்பதற்கு மாத்திரம் ஏற்பட்ட ஸ்தலமன்று. ஒரு பக்கம் தேயிலை, சர்க்கரை, ஆணி, கயிறு முதலிய சாமான்கள் விற்கும் கடையும், மறுபக்கம் பானம் வழங்கும் நீண்ட பலகையுமாக அமைந்த இவ்விடத்தின் சொந்தக்காரரே, பல ஊர்களில் இறந்தவர்களின் அந்திமக் கிரியைகளுக்கு வேண்டிய ஏற்பாடுகளையும் செய்து கொடுத்து வந்தார். ஸ்திரீகள் பிறர் கண்ணில் படாமல் அமர்ந்து பருகுவதற்கென்று கதவிட்ட சிற்றறை ஒன்றும் பல மதுச்சாலைகளில் இருந்தது.

ஊர்ப் போட்டிகளைப் பற்றிய தர்க்கங்களுக்கும் மதுச்சாலையே மண்டபம். 1884-ஆம் வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி டிப்பெரரி ஜில்லாவைச் சேர்ந்த தர்லஸ் நகரத்து ஹேய்ஸ் ஹோட்டலில் மைக்கேல் குஸாக் முதலிய சிலர் கூடி ஸ்தாபித்த கேலிக் விளையாட்டுச் சங்கம், தன் கிளைகளைப் பெரும்பாலும் மாதாகோயில் பங்குகளை ஒட்டியே அமைத்துக்கொண்டபடியால், பக்கத்துப் பங்கே பரம வைரியாயிற்று. பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பத்தாரும், ஆட்ட தினத்தன்று ஆஷ் மரத்து மட்டை ஏந்தி எதிரெதிரே ஹர்லிங் என்னும் மட்டைப் பந்தாட்டம் ஆட நிற்பார்கள். ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஊரின் பெயர் ஒன்றே ஊதியம். பொருளாசை கலவாத இந்த அபிமானம் பெரிதும் போற்றத்தக்கது. வென்ற கோப்பை அன்றிரவே மதுச்சாலைப் பலகைமேல் ஏறிவிடும். தோற்றவர்களோ நடுவரின் தீர்ப்பை வருஷக்கணக்கில் விசாரித்துக் கொண்டிருப்பார்கள்.

அயர்லாந்து மதுச்சாலைகளில் பெரிய வெள்ளிக்கிழமையன்று மது விற்கலாகாதென்று 1927-இல் ஏற்பட்ட தடை 2018-இல்தான் நீங்கிற்று.