சர்வர் அறைக்கு வாடகை ஏசி: அண்டை வீட்டாரும் வாடிக்கையாளரும் தெரிந்துகொள்ள வேண்டியவை

கொச்சி மட்டாஞ்சேரியில் பஜார் ரோட்டை ஒட்டிய பழைய கிடங்குகளும் ஓட்டு வீடுகளும் அலுவலகங்களாகவும் கடைகளாகவும் மாறிக்கொண்டிருக்கின்றன. சர்வருக்கென்று கட்டிய அறை இந்தக் கட்டடங்களில் இருக்காது. ஜன்னலை அடைத்த பின்னறையோ, மாடிப்படிக்குக் கீழே உள்ள இடமோதான் கிடைக்கும். உப்புக் காற்றில் ஏசியின் வெளி யூனிட் சீக்கிரம் அரித்துப்போகும். கோடையில் அது நின்றுவிட்டால் வாடகைக்கு ஒரு போர்ட்டபிள் ஏசியும், கரண்ட் போதவில்லை என்றால் ஒரு டீசல் ஜெனரேட்டரும் வந்து இறங்கும். நாலு நாளைக்குத்தானே என்ற நினைப்பில் யாரும் எதையும் சரிபார்ப்பதில்லை. என் கவலை அந்த நாலு நாளைப் பற்றித்தான்.

முதலில் வெப்பம். சர்வர் வாங்கும் மின்சாரம் அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியே வரும். 10 கிலோவாட் இழுக்கும் அறைக்குக் கிட்டத்தட்ட 3 டன் குளிர்ச்சி தேவை. ஒரு டன் மெஷின் எடுப்பது சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை மட்டுமே. அதைவிட மோசமான தவறு, சூடான காற்றை வெளியேற்றும் தடித்த குழாயை அறைக்குள்ளேயே விட்டுவிடுவது. அப்படி விட்டால் எடுத்த வெப்பம் அறைக்கே திரும்பும். மெஷின் ஓடுவதற்கு வாங்கும் மின்சாரமும் வெப்பமாகி அதோடு சேரும். முன்பக்கம் கைக்குச் சில்லென்று இருக்கும், அறையோ சூடேறிக்கொண்டே போகும். குழாய் கட்டாயம் வெளியே போக வேண்டும், ஆனால் பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்து அல்ல. சர்வருக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கிறதா என்று ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் போதும்.

உயிருக்கு ஆபத்து ஜெனரேட்டரிடம் இருக்கிறது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் ஏசி போட்டுக்கொண்டு தூங்கிய இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. சுவரோடு சுவர் ஒட்டிய மட்டாஞ்சேரிக் கட்டடங்களில் நடுமுற்றத்திலோ வராந்தாவிலோ ஜெனரேட்டரை வைத்தால் புகை ஓட்டு இடுக்கு வழியாக அடுத்த வீட்டுப் படுக்கையறைக்கும் போகும். சர்வர் அறை குளுகுளுவென்று இருக்கிறதே என்று அங்கேயே பாய் விரிக்கும் இரவுக் காவலாளிக்கும் இதைச் சொல்லுங்கள். தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்தால் உடனே திறந்த வெளிக்கு வந்து 112-ஐ அழைக்க வேண்டும். சேஞ்ச்-ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வயரிங்கோடு இணைக்கவும் கூடாது. இணைத்தால், லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் கேரள மின் வாரிய (கேஎஸ்இபி) ஊழியரின் உயிருக்கு ஆபத்து.

சத்தத்துக்கும் வரம்பு உண்டு. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45. வாடகை மெஷினுக்கு அதில் விலக்கு கிடையாது. வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினால் புகார் கொடுக்கலாம். தேதி, நேரம், செல்போன் வீடியோவோடு போலீஸுக்கும் கேரள மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள்.

குளிர்ச்சி நின்றால் இழப்பு அறையோடு முடிவதில்லை. 2023 அக்டோபர் 14 அன்று சிங்கப்பூரில் ஒரு டேட்டா சென்டரின் குளிர்நீர் அமைப்பில் வேலை நடந்தபோது வால்வு தவறாக மூடிக்கொண்டது. டிபிஎஸ், சிட்டி வங்கிகளில் சுமார் 25 லட்சம் பரிமாற்றங்கள் நின்றுபோயின. 2022 ஜூலை வெப்ப அலையில் லண்டனின் கைஸ் அண்ட் செயின்ட் தாமஸ் மருத்துவமனைகளின் டேட்டா சென்டர்கள் படுத்துவிட, டாக்டர்கள் காகிதத்துக்குத் திரும்பினார்கள். இங்கே ஒரு நோயாளி தன் மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதி. சர்வர் சூடாகிவிட்டது என்பது உங்கள் உரிமையை அழித்துவிடாது.

வங்கிப் பணம் பற்றிய விதி இன்னும் தெளிவானது. கணக்கில் கழிந்த யுபிஐ தொகை எதிராளிக்குப் போய்ச் சேரவில்லை என்றால் மறுநாளுக்குள் திரும்ப வர வேண்டும். ஏடிஎம் பணம் வெளியே வரவில்லை என்றால் 5 நாள் அவகாசம். அதைத் தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு, அதுவும் நீங்கள் கேட்காமலே. 2019 செப்டம்பர் 20-இல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு இது. வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வரவில்லை என்றால் ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448. ஆனால் கேரளத்தில் ஊருக்கு ஊர் உள்ள சர்வீஸ் கூட்டுறவுச் சங்கங்கள், பலகையில் பேங்க் என்று எழுதியிருந்தாலும், ஓம்பட்ஸ்மனின் வரம்புக்குள் வராது. அங்கே கணக்கு வைத்திருப்பவர்கள் கூட்டுறவுப் பதிவாளர் அலுவலகத்தில்தான் புகார் கொடுக்க வேண்டும்.